ஐம்பது எண்ணச் சொன்னேன்

1996-ஆம் வருடம், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சேலம் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு வந்து, கம்ப்யூட்டர் விற்று அதற்குப் பழுதும் பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. விசிட்டிங் கார்டில் 'சர்வீஸ் இன்ஜினியர்' என்று போட்டிருப்பார்கள். கழுத்தில் டை, தோளில் கருப்பு டூல் பை, ஒரு பழைய மொபெட். ஓசூரில் அன்றைக்குக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் நானும் ஒருவன் என்பதால் தரையில் கால் பாவாமல்தான் திரிந்தேன்.

அந்தத் தொழிற்சாலையில் இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிகளுக்கான சின்னச் சின்னப் பாகங்கள் செய்வார்கள். பெரிய பெரிய பிரஸ் மெஷின்கள் மூன்று ஷிப்டும் ஓடும். அவற்றுக்கு ஒரு சுவர் தள்ளி, கண்ணாடி வைத்த சின்ன அறையில்தான் கம்ப்யூட்டர். பிரஸ் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மேஜை மேல் இருக்கும் டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். அறைக்கு ஏ.சி. உண்டு. மேனேஜர் முதற்கொண்டு எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். போன ஆயுத பூஜைக்கு மானிட்டரின் நெற்றியில் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தன. துடைத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று யாருக்கும் துடைக்கத் தைரியம் வரவில்லை.

அந்த அறையில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தது ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். மத்திகிரியில் வாடகை வீடு. கணவருக்கு வேறொரு கம்பெனியில் வேலை. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், மேனேஜரிடம் கன்னடம் என்று மூன்றையும் சரளமாகப் பேசுவார். நான்கு வருடம் பேக்கிங் பிரிவில் நின்றபடியே அட்டைப் பெட்டி ஒட்டியவர். பிளஸ் டூ படித்திருந்தார். ஷிப்ட் முடிந்ததும் யாரும் சொல்லாமல் தானாகவே ஒரு சென்டருக்குப் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றிருந்தார். ஏற்கெனவே இருந்த ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனபோது இவர் நேராக மேனேஜரிடம் போய் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் பார்க்கிறேன், சரியாகச் செய்தால் இந்த நாற்காலி உனக்கு, இல்லையென்றால் திரும்பப் பேக்கிங்குக்கே என்று மேனேஜரும் ஒத்துக்கொண்டார். பேக்கிங்கிலிருந்து அந்தக் கண்ணாடி அறைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். நான் மாதாந்திர சர்வீசுக்குப் போகும்போதெல்லாம், இது எதற்கு சார், அது எதற்கு சார் என்று கேட்டு ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஆபீசுக்கு போன் வந்தது. கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே வரவில்லையாம். பாகங்களை ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது, பில் இல்லாமல் செக்போஸ்ட் தாண்டிக் கர்நாடகாவுக்குள் போக முடியாது, உடனே வா என்றார்கள். போனேன்.

அந்தப் பெண் அறை வாசலிலேயே நின்றிருந்தார். முகம் செத்துப் போயிருந்தது. வரும் சனிக்கிழமையோடு அவருக்கு மூன்று மாதம் முடிகிறது என்பது எனக்கும் தெரியும்.

"சார், நேத்து சாயங்காலம் ஒழுங்காத்தான் மூடிட்டுப் போனேன். காலையில வந்து போட்டா ஃபேன் ஓடுது, லைட் எரியுது, ஸ்கிரீன்ல மட்டும் ஒண்ணும் வரல. போடறப்போ உள்ளாரயிருந்து கீ கீன்னு ஏதோ சத்தம் வர்ற மாதிரி இருக்குது சார். பிரஸ் சத்தத்துல சரியா கேக்கல."

ஃபேன் சத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் டூல் பையைத் திறந்தேன். அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

டிஸ்ப்ளே வரவில்லை என்றால் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. மானிட்டருக்குக் கரண்ட் வருகிறதா, ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா, வெளிச்சம் கூட்டும் திருகை யாராவது குறைத்து வைத்துவிட்டார்களா என்று பார்க்கவேண்டும். பார்த்தேன். ஸ்டோர்ஸிலிருந்த இன்னொரு மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டினேன். அதிலும் இருட்டு. ஆக, கோளாறு பெட்டிக்குள்தான். மூடியைக் கழற்றி ராம் பட்டையை உருவி, அதன் தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். ஹார்ட் டிஸ்க் ஒயர்களைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. இடையிடையே மேனேஜர் வந்து வந்து போனார். மைசூர்ப் பக்கத்து மனிதர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் லாரி டிரைவர் அவரைப் பிடுங்க, அவர் என்னைப் பிடுங்கினார்.

வரிசையில் அடுத்தது டிஸ்ப்ளே கார்டு. மானிட்டர் ஒயர் வந்து சேரும் அட்டை அது. அதைத்தான் நான் கழற்றிப் பார்க்கவில்லை. ஏனென்றால் பத்து நாளைக்கு முன்புதான் மாதாந்திர சர்வீசில் அதை நானே என் கையால் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தேன். நான் மாட்டியது சரியாகத்தானே இருக்கும். மேலாகப் பார்த்தேன், உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரிந்தது. விட்டுவிட்டேன்.

பதினொன்றரை மணிக்கு எனக்கு வியர்த்துவிட்டது, அந்த ஏ.சி.யிலும். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. ஏற்கெனவே ஒரு வாடிக்கையாளர் என்னைப் பற்றிப் புகார் சொல்லியிருந்தார். இன்னொன்று வந்தால் நீ ஊருக்கே போய்விடலாம் என்று எங்கள் முதலாளி சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார், ஆனால் அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜர் மறுபடி வந்து, "ஏனாயித்து? என்னாச்சு? இது எதனால போச்சு, அதைச் சொல்லு" என்றார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இருபத்து நான்கு வயதில் டை கட்டியவனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. மதர்போர்டு போயிருக்கும் சார், ஆஃப் செய்த உடனே மறுபடி ஆன் செய்தால் இப்படி ஆகும், ஆபரேட்டர் மிஸ்ஹேண்ட்லிங் என்றேன். சொல்லும்போது நான் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள்.

"நான் அப்படிப் பண்ணலீங்க சார்" என்று மட்டும் அவர் சொன்னார். அதையும் மேனேஜரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். மேனேஜர் அவரைத் திட்டவில்லை. அவருடைய நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நீ போய் பேக்கிங்கில் இரும்மா, ரெடியானதும் பார்க்கலாம் என்றார். அந்தப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு, வெளியே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேனேஜரும் சாப்பிடப் போய்விட்டார். அந்தத் தொழிற்சாலையில் அமைதி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவை எனக்குத் தெரிந்தது. வேறு வழி தோன்றாமல் இன்னொரு தடவை சுவிட்சைப் போட்டேன். பெட்டிக்குள்ளிருந்து தெளிவாகக் கேட்டது. ஒரு நீளமான கீச்சு, அதைத் தொடர்ந்து இரண்டு குட்டையான கீச்சு.

கம்ப்யூட்டருக்கு வாய் கிடையாது என்பதால் கோளாறை இப்படித்தான் சொல்லும். அந்த மாதிரிப் பெட்டியில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். காலையில் அந்தப் பெண் கேட்டதும் இதைத்தான்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்டின் ஒரு முனை ஒரு அரிசி மணி அளவுக்கு வெளியே வந்திருந்தது. அதைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்திருக்க வேண்டிய திருகு இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அடுத்த மாதமும் கழற்றத்தானே போகிறோம் என்று கார்டுகளுக்குத் திருகு போடாமல் விட்டுவிடுவோம். வேலை சீக்கிரம் முடியும். வேறு இடமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. இங்கே பத்து நாளாக இரவும் பகலும் பிரஸ் அதிர்ந்ததில், மானிட்டர் ஒயரின் கனமும் சேர்ந்து கார்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்திருக்கிறது. என் பையில் போட்டோ ஃபிலிம் ரோல் வரும் கருப்பு டப்பா ஒன்று இருக்கும், கழற்றிய திருகுகளை அதில்தான் போட்டு வைப்பேன். குலுக்கினேன். அந்தப் பெட்டியின் திருகும் அதற்குள்தான் எங்கேயோ இருந்தது.

கார்டை அழுத்தினேன். ஒரு திருகை எடுத்துப் போட்டு முறுக்கினேன். சுவிட்சைப் போட்டதும் திரையில் எழுத்துகள் ஓடின. மொத்தம் இரண்டு நிமிட வேலை.

அப்போது கதவு திறந்தது. அந்தப் பெண்தான். சாப்பிடாமல் வந்திருந்தார். கையில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. திரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வந்துடுச்சா சார், வந்துடுச்சா சார் என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"நான் பண்ண தப்பு இன்னான்னு சரியா சொல்லிக் குடுங்க சார். எழுதி வெச்சிக்கறேன். மறுக்கா வராம பாத்துக்கறேன்."

அறையில் நாங்கள் இரண்டே பேர். பிரஸ் சத்தமும் இல்லை. நான் உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று சொல்ல ஐந்து நொடி போதும். என் கண் முன்னால் எங்கள் முதலாளியின் சிரிப்புதான் வந்து நின்றது.

"ஆஃப் பண்ணா உடனே ஆன் பண்ணக்கூடாது. ஐம்பது எண்ணிட்டு அப்புறம்தான் போடணும்" என்றேன்.

சில நொடி பொறுத்துப் போடுவது நல்லதுதான். ஆனால் அதற்கும் அன்றைய கோளாறுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஐம்பது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து அடியில் கோடும் போட்டார். ஒருவேளை நேற்று எண்ணாமல் போட்டிருப்பேனோ என்னவோ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். காலையில் "நான் பண்ணல" என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னவர், ஒரு மணி நேரத்தில் தன்னையே சந்தேகப்படத் தொடங்கிவிட்டார்.

ஒன்றரை மணிக்குள் பில் அடித்து முடிந்து லாரி கிளம்பியது. மேனேஜர் எனக்குக் கை கொடுத்தார். சர்வீஸ் ரிப்போர்ட் எழுதவேண்டும். அதில் 'கோளாறுக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் நம் பெயர் மட்டும் வரவே கூடாது என்று ஆபீசில் சீனியர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். எழுதுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. தூசி, கரண்ட், ஆபரேட்டர். தூசி என்று எழுதினால் பத்து நாளைக்கு முன்பு நீதானே துடைத்தாய் என்பார்கள். கரண்ட் என்று எழுதினால், புத்தம்புது யூ.பி.எஸ். விற்றதே நாங்கள்தான். மிச்சம் இருந்தது அந்தப் பெண் ஒருவர்தான். எழுதினேன்.

யூஸர் கையெழுத்து என்ற இடத்தில் யார் போடுவது என்று கேட்டபோது, அந்தம்மாவே போடட்டும் என்றார் மேனேஜர். அந்தப் பெண் ரிப்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். காரணம் எழுதிய கட்டத்தின் மேல் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு, அழகான ஆங்கில எழுத்தில், அவசரப்படாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தேங்க்ஸ் சார் என்றார்.

அடுத்த மாத சர்வீசுக்குப் போனபோது அந்த நாற்காலியில் பெங்களூரிலிருந்து வரும் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கெட்டிக்காரன், விரல் பறந்தது. போன சனிக்கு முந்தின சனி வந்தேன் சார், பழைய மேடத்தைப் பேக்கிங்குக்கே அனுப்பிவிட்டார்கள் என்றான். மேஜையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாளைக் காட்டினான். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. இங்கே புதிதாக வருகிறவருக்கு என்று தலைப்பிட்டு, பிரின்டரில் பேப்பர் சிக்கினால் என்ன செய்வது, பில் நம்பர் தாண்டிப் போனால் என்ன செய்வது என்றெல்லாம் அந்தப் பெண் பொறுமையாக எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். கடைசி வரி, 'ஆஃப் செய்தால் ஐம்பது எண்ணிவிட்டுத்தான் ஆன் செய்யவும். மறக்க வேண்டாம். இன்ஜினியர் சார் சொன்னது.'

"யார் சார் இந்தக் காமெடியைச் சொல்லிக் குடுத்தது?" என்று அந்தப் பையன் சிரித்தான்.

நானும் சிரித்தேன். இதை எழுதுகிற இப்போதும் எனக்கு மிகவும் அசிங்கமாக இருப்பது அந்தச் சிரிப்புதான். பொய் சொன்னதற்காவது பயம் என்று ஒரு சாக்கு இருந்தது. சிரித்ததற்கு அதுவும் கிடையாது. தேவையில்லாத தாள் என்று சொல்லி அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். இந்த முறை எல்லாத் திருகுகளையும் போட்டு முறுக்கினேன்.

திரும்பி வரும்போது பேக்கிங் பிரிவைத் தாண்டித்தான் வரவேண்டும். அவர் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பசை அப்பிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நல்லாருக்கறேன் சார். எனக்கும் அதுக்கும் ஒத்து வரல, விடுங்க. என் கைதான் சரியில்ல."

அவர் மனசார நம்பித்தான் அதைச் சொன்னார். என்மேல் ஒரு துளி வருத்தம்கூட இல்லை. என்னைத் தடுக்க அங்கே யாரும் இல்லை, எதுவும் இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த மாதக் கடைசியில் எனக்கு வேலை நிரந்தரமானது.

இரண்டு வருடம் கழித்து அந்த வேலையை விட்டுவிட்டு, ஓசூரிலேயே சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டேன். இனி எனக்கு முதலாளி கிடையாது, பயப்பட ஆள் கிடையாது என்ற தைரியத்தில் ஒரு நாள் அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். மேனேஜர் மாறிவிட்டிருந்தார். அந்தப் பெண்ணும் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள், கணவருக்கு வேலை போய்விட்டது, அஞ்செட்டிப் பக்கம் மாமியார் ஊருக்கே போய்விட்டார்கள், மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார்களாம் என்றார்கள். ஊர்ப் பெயரும் சொன்னார்கள். மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அஞ்செட்டி போகிற பஸ் கொஞ்சம்தான், அன்றைக்கென்று ஒன்று நின்றிருந்தது. இத்தனை நாள் கழித்துப் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். என்ன சொல்வது என்பதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். பஸ் புறப்பட்டுப் போயிற்று. அடுத்த பஸ்ஸுக்கும் நான் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. பிறகு அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

மூன்று மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அங்கேயே தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் எங்கே போயிருப்பார் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து அவரளவுக்குக் கவனமாகக் கேட்டு எழுதிக்கொண்டவர் யாருமில்லை. அந்தக் கவனத்தைத்தான் நான் என் பொய்யை எழுதிக்கொள்ள வைத்தேன்.

இப்போது என் கடையில் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். யாராவது பழுதுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தால், முதலில் அதை உபயோகிக்கிறவர் சொல்வதை முழுசாகக் கேட்கவேண்டும், காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதவேண்டும் என்பது அங்கே கட்டளை. என்னிடம் அவர்கள் கேலி செய்கிற விஷயம் ஒன்று உண்டு. எந்தக் கம்ப்யூட்டரை ஆஃப் செய்தாலும் திரும்பப் போடுவதற்கு முன் நான் உதட்டை அசைத்து ஐம்பது வரை எண்ணுவேன். எதற்கு சார் என்று கேட்பார்கள். எந்தக் கம்ப்யூட்டருக்கும் அந்த ஐம்பது தேவையில்லை. நான் சொன்னதை நம்பி எழுதிக்கொண்ட ஒருவரிடம் அன்றைக்கு ஐந்து நொடியில் சொல்லியிருக்க வேண்டியதை, ஒவ்வொரு தடவையும் ஐம்பது எண்ணி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.